மண்தொட்டியா, குரோ பேக்கா? கீழக்கரை பால்கனிக் கணக்கு

2 வருஷம் மண்தொட்டி, அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாகக் குரோ பேக், அதாவது செடி வளர்க்கும் பை. அதே பால்கனி, அதே உப்புப் போர் தண்ணி. ராமநாதபுரம் மாவட்டத்துக் கீழக்கரையில் இரண்டாவது மாடி வீடு. கடல் கண்ணில் படாது, ஆனால் காலையில் கிரில் கம்பியைத் தடவினால் விரலில் பிசுபிசுக்கும். என் ஓட்டு குரோ பேக்குக்குத்தான். மண்தொட்டியின் அழகை எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மானாமதுரையில் தட்டித் தட்டிப் பார்த்து 7 தொட்டி எடுத்து, வைக்கோல் சுற்றிக் கொண்டுவந்த ஆள் நான்.

பேக் மலிவு, தொட்டி லட்சணம். அதோடு விடுவோம். இந்தக் கரையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: உப்பை எப்படி வெளியேற்றப் போகிறீர்கள்?

செடி தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பில் பெரும்பங்கை மண்ணிலேயே விட்டுவிடும். மண்தொட்டி போதாக்குறைக்குத் தன் சுவர் வழியாகவும் தண்ணீரைக் கசியவிட்டு ஆவியாக்கும். பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். சித்திரை வெயிலில் இருவேளை ஊற்ற வேண்டிவந்தது. இருவேளை தண்ணீர் என்றால் இருவேளை உப்பு. மூன்றாம் மாதம் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்தது. நகத்தால் சுரண்டினேன். வெள்ளையோடு சேர்ந்து சிவப்பு ஓடும் செதில் செதிலாக உதிர்ந்தது, நம் ஊர்ச் சுவர்களின் அடியில் காரை பொரிகிற மாதிரியே. தொட்டியில் குறையில்லை, தண்ணீரில்தான்.

உள்ளே மிளகாய்ச் செடியின் இலைகள் நுனியில் தொடங்கி ஓரமெல்லாம் கருகின. தாகம் போல என்று இன்னும் ஊற்றினேன். முண்டு மிளகாய்க்குப் பேர்போன மாவட்டத்தில் ஒரு மிளகாய்ச் செடியைக் காப்பாற்றத் துப்பில்லையே என்று வெட்கமாக இருந்தது. அப்புறம்தான் உறைத்தது: வயல்காட்டில் முண்டு வளர்வது மழையை நம்பி, என் போர் தண்ணியை நம்பி அல்ல.

உப்பைப் போக்க ஒரே வழி, கழுவி விடுவது. தொட்டி கொள்ளும் அளவுக்கு இரண்டு மடங்கு நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே ஓடவிட வேண்டும். பால்கனியில் செய்தேன். கீழ் வீட்டு லாத்தா (எங்கள் ஊரில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம்) காயப்போட்ட வெள்ளைத் துணியெல்லாம் செம்மண். "ஏம்மா, மழை ஒங்க வீட்டுக்கு மட்டுந்தான் பெய்யுதோ?" என்றார். அடியில் தட்டு வைத்தேன். வடிந்த உப்புத் தண்ணீரை மண் திரும்ப உறிஞ்சிக்கொண்டது. குளியலறைக்குத் தூக்கலாமென்றால், நனைந்த 12 அங்குலத் தொட்டி 25 கிலோவுக்குக் குறையாது. என் இடுப்புக்கு அது சரிப்படாது.

குரோ பேக் ஜெயித்தது இங்கேதான். சின்னப் பையாக, பாதிக்கு மேல் தேங்காய் நார்க்கழிவு நிரப்பியதாக இருந்தால், இரண்டு காதையும் பிடித்துத் தூக்கிக் குளியலறையில் வைத்துவிடலாம். 15 நாளைக்கு ஒரு குளியல். உப்போடு சத்தும் கொஞ்சம் போய்விடும், அதனால் மறுநாள் ஒரு கைப்பிடி மண்புழு உரம். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு மொட்டைமாடியில் கொண்டுபோய் வைத்தால் அந்த வேலையும் மிச்சம்.

நல்ல தண்ணீர் ஏது என்பீர்கள். காவிரித் தண்ணீரைக் குடிக்கவே அளந்து வைக்கிறோம். நான் ஏசி குழாயின் கீழே வாளி வைக்கிறேன். கடற்கரைக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அது குளிர்ந்து சொட்டும் தண்ணீரில் உப்பு இல்லையென்றே சொல்லலாம். ஆர்.ஓ. மிஷினின் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அதில்தான். சிக்கனம் என்று நானும் ஒரு மாதம் ஊற்றி ஒரு புதினாவைக் கொன்றேன்.

பேக்குக்கும் வில்லங்கம் உண்டு. நார்க்கழிவே உப்போடு வரலாம். முதல் கட்டியை ஊறவைத்த தண்ணீரை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், கரித்தது. மூன்று தண்ணீர் மாற்றி அலசிய பிறகுதான் பைக்குள் போட்டேன். ஆடிக் காற்றுக்குப் பைகள் சாய்ந்துவிடும். கிரிலோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். வெயில் பட்டுப் பட்டு ஒரு பையில் காதுத் தையல் இப்போதே இற்றுவிட்டது. மற்றவை எத்தனை வருஷம் தாங்கும் என்று ஒன்றரை வருஷத்தை வைத்துச் சொல்வது நியாயமில்லை.

மல்லிகையைப் பற்றியும் அடித்துப் பேச மாட்டேன். இருப்பது ஒரே ஒரு கொடி, இப்போதுதான் மொட்டு வைக்கிறது. தொட்டியின் உள்பக்கம் பெயிண்ட் அடித்தால் கசியாது என்கிறார்கள், நான் அடித்துப் பார்த்ததில்லை.

2 மண்தொட்டிகளை மட்டும் வைத்துக்கொண்டேன். ஒன்றில் கற்றாழை, ஒன்றில் கற்பூரவல்லி. குறைந்த தண்ணீரில் வாழ்கிறவை, அதனால் உப்பும் மெதுவாகவே ஏறுகிறது. மற்ற ஐந்தையும் லாத்தா கேட்டு வாங்கிக்கொண்டார். அவர் வீடு தரைத்தளம், தண்ணீரை எங்கே வேண்டுமானாலும் ஓடவிடலாம்.