கை வீக்கத்துக்குச் சூடான எண்ணெய் மசாஜ், ஆவிப்பெட்டி என்று குன்னூர் பக்கம் யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள்

மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆகி, அக்குளில் நிணநீர்க் கணுக்களை எடுத்த பிறகு கை வீங்க ஆரம்பித்திருக்கும் பெண்களுக்காகவும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். குன்னூர் பக்கம் உள்ள ஒரு மூலிகை மசாஜ் நிலையத்தில் 21 நாள் பேக்கேஜ் என்று 18,000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டு, இருந்ததைவிட மோசமான கையோடு என்னை அனுப்பினார்கள். புகார் நடப்பதால் பெயரைப் போடவில்லை. ஆனால் அவர்கள் செய்த வேலையை யாரும் எங்கேயும் செய்யலாம், அதனால் விவரமாகச் சொல்கிறேன்.

எனக்கு இடது கை. வீடு கோத்தகிரி. மலையில் இருக்கும்வரை கம்ப்ரெஷன் ஸ்லீவை, அதாவது வீக்கம் ஏறாமல் கையை இறுக்கிப் பிடிக்கும் உறையை, போட்டுக்கொண்டு ஓட்டிவிடலாம். சித்திரை, வைகாசியில் கல்யாணம் காதுகுத்து என்று கீழே இறங்கும்போதுதான் தொல்லை. பஸ் குஞ்சப்பனை தாண்டும்போதே காற்று மாறிவிடும், மேட்டுப்பாளையம் போய்ச் சேர்வதற்குள் விரலில் மோதிரம் இறுகிவிடும், முன்கையில் கட்டைவிரலால் அமுக்கினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். வெயிலில் தோலுக்கடியில் ரத்தக்குழாய்கள் விரிகின்றன, அதிலிருந்து நீர் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சதைக்குள் கசிகிறது. நல்ல கையில் நிணநீர்க் குழாய்கள் அதை வாரிக்கொண்டு போய்விடும். கணுக்களை எடுத்த கையில், அதிலும் ரேடியேஷன் கொடுத்த கையில், போகிற வழியே குறுகிப்போனதால் தேங்கி நிற்கிறது. ஆகவே சூட்டால் வீக்கத்தைக் கரைக்கிறேன் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு இந்த வியாதியைப் பற்றி எதுவும் தெரியாது என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.

அவர்கள் விளம்பரத்தில் போட்டிருந்தது "வீக்கம் கரையும், ஸ்லீவ் தேவையில்லை". வெயில் காலத்தில் காலையிலிருந்து இரவுவரை அந்த இறுக்கமான உறையைப் போட்டுக்கொண்டு சமையல்கட்டில் நிற்பவளுக்கு அந்த இரண்டாவது வரி எப்படிக் கேட்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாளே ஸ்லீவைக் கழற்றச் சொன்னார்கள். ஊட்டியில் கடைக்குக் கடை விற்கும் யூகலிப்டஸ் தைலமும் விண்டர்கிரீன் எண்ணெயும் கலந்த ஏதோ ஒன்றைச் சூடாக்கித் தடவி, மணிக்கட்டிலிருந்து தோள்வரை கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி ஏற்றினார்கள். அப்புறம் மரப்பெட்டியில் உட்காரவைத்து ஆவி. வலிக்கிறது என்றால், "அடைப்பு திறக்குதுக்கா, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று ஒரே பதில். நிணநீருக்கான கைச்சிகிச்சை அப்படியே இதற்கு நேர்மாறு. கோவையில் எனக்குச் செய்கிற பிசியோதெரபிஸ்ட் அழுத்தவே மாட்டார், தோலை மட்டும் மெல்ல நகர்த்துவார். கழுத்தில் ஆரம்பித்து, நல்ல பக்கத்து அக்குள், மார்பு என்று போகவேண்டிய வழியை முதலில் தயார் செய்துவிட்டுக் கடைசியாகத்தான் வீங்கின கைக்கு வருவார். ஆவிக்குளியல், சூடான ஒத்தடம் பக்கமே போகக்கூடாது என்பது அவர் முதலிலேயே சொன்னது. அதை நான் இந்த நிலையத்தில் எடுத்துச் சொன்னபோது, இங்கிலீஷ் மருத்துவத்துக்கு மூலிகையைப் பற்றி என்ன தெரியும் என்று என் வாயை அடைத்தார்கள்.

இனி சொல்வதுதான் முக்கியம், அளவெடுத்த விதம். முதல் நாள் முழங்கைக்கு மேலே, கை நன்றாகப் பருத்திருக்கும் இடத்தில், டேப்பைத் தொளதொளவென்று சுற்றி நோட்டில் எழுதினார்கள். அடுத்த முறை அதே டேப்பை முழங்கைக்கு ஒட்டினாற்போல இறக்கி, சதை பிதுங்கும்படி இழுத்துப் பிடித்து, "பாருங்க, ரெண்டு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு" என்று காட்டினார்கள். கையில் தைலம் பளபளக்க அதை போட்டோவும் எடுத்துக்கொண்டார்கள், அது இப்போது எந்த விளம்பரத்தில் இருக்கிறதோ. சரியாக அளப்பவர்கள் மணிக்கட்டிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு ஒரு புள்ளி என்று பேனாவால் குறித்து, ஒவ்வொரு முறையும் அதே புள்ளிகளில்தான் அளப்பார்கள், மற்ற கையையும் சேர்த்து அளப்பார்கள். வீட்டிலேயே டேப் வைத்து நீங்களும் அளந்து எழுதி வையுங்கள்.

கூடவே லேபிள் இல்லாத பொட்டலத்தில் ஒரு மாத்திரை. விழுங்கினால் நிமிடத்துக்கு ஒருதரம் பாத்ரூம் ஓடவேண்டியிருந்தது, கையும் லேசாகத் தளர்ந்த மாதிரி இருந்தது, அதையும் அவர்கள் வெற்றி என்றார்கள். அது என்ன மாத்திரை என்று இன்றுவரை சொல்லவில்லை. டாக்டர் பிறகு விளக்கினார்: இந்த வீக்கத்தில் தேங்குவது வெறும் நீர் இல்லை, புரதம் கலந்த நீர். சிறுநீர் பெருக்கும் மாத்திரை நீரை மட்டும் இழுக்கும், புரதம் அங்கேயே கிடந்து மறுபடி நீரைச் சேர்க்கும்.

ஸ்லீவுக்குப் பதிலாக ஒரு துணிக்குழாயும் கொடுத்தார்கள். அளவெடுக்காமல், மேலே ஒரு எலாஸ்டிக் பட்டை மட்டும் இறுக்கமாக. அது பதிந்த இடத்தில் பள்ளம், அதற்குக் கீழே புறங்கை பன் மாதிரி உப்பிவிட்டது. நல்ல ஸ்லீவில் அழுத்த அளவு போட்டிருக்கும், கைக்குப் பெரும்பாலும் 20–30 மி.மீ. பாதரச அளவில் கொடுப்பார்கள், மணிக்கட்டில் கூடுதலாகவும் மேலே போகப்போகக் குறைவாகவும் பிடிக்கும். தினம் போட்டால் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும்.

எண்ணெய் எரிச்சலில் தோல் அங்கங்கே உரிந்திருந்தது. ஒரு ராத்திரி குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், முன்கை முழுக்கச் செக்கச்செவேல் என்று தீயாகச் சுட்டது. செல்லுலைட்டிஸ், அதாவது தோலிலும் அதற்கடியிலும் பரவும் கிருமித்தொற்று. கோவையில் சேர்த்து நரம்பு வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்றினார்கள். வீங்கின கையில் சிவப்பும் சூடும் காய்ச்சலும் சேர்ந்து வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், பத்துப் போடாதீர்கள், அந்த நேரத்தில் கிடைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

வெயிலுக்கு உண்மையில் கைகொடுப்பதெல்லாம் காசு கேட்காத விஷயங்கள். ஸ்லீவைக் கழற்றாமல் அதன் மேலேயே தண்ணீரை ஸ்பிரே செய்துகொண்டு காற்று படும்படி உட்கார்ந்தால் ஜில்லென்று இருக்கும். இரண்டு ஸ்லீவ் வைத்துக்கொண்டு ஒன்றைத் துவைத்து மாற்ற வேண்டும், வியர்வை ஊறினதையே போட்டால் தோல் கெடும். ராத்திரி கழற்றிய பிறகு கிரீம் தடவுங்கள், விரலிடுக்கை ஈரமில்லாமல் துடையுங்கள். வீக்கம் என்று தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள், அதனால் பலன் இல்லை. குறைக்க வேண்டியது ஊறுகாய், அப்பளம், வடகத்தை. நம் மலையில் காற்று குளிர்ந்திருப்பதால் உச்சி வெயில் உறைக்காது, ஆனால் தோலைக் கருக்கிவிடும், தோட்டத்தில் நிற்பவர்கள் முழுக்கை போடுங்கள். கொசுக்கடி, தேயிலைக் கவாத்துக் கீறல், தோசைக்கல் சுட்டது எதுவானாலும் உடனே கழுவி மருந்து போடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "பேக்கேஜ் பணம் திரும்பாது" என்று ரசீதில் அடித்திருந்த முத்திரையைக் காட்டினார்கள். அதைப் பார்த்து ஒதுங்கிவிடாதீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், குறையுள்ள சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் முறையற்ற வணிகம்தான். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் செய்து புகாரைப் பதிந்தேன், அங்கே தீராததால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். ரசீது, மாத்திரைப் பொட்டலம், கையின் போட்டோ, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் காகிதம் எல்லாம் சேர்த்திருக்கிறேன். இதே மாதிரி வேறு எங்கேயாவது பணம் கட்டியவர்கள் இருந்தால் உங்கள் ரசீதைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள், எழுதுங்கள், மனு எப்படி எழுதினேன் என்று அனுப்பித் தருகிறேன்.