பினாங்கில் லிப்போ பேட்டரி வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

லிப்போ என்பது லித்தியம் பாலிமர் பேட்டரி. வீட்டில் ரிமோட் கார் ஓட்டும் பிள்ளைகள் இருந்தால் இதைப் பொறுமையாகப் படியுங்கள். ஜார்ஜ்டவுனில் ஒரு பேரங்காடியின் மேல்மாடியில் உள்ள கடையில் எனக்கு நடந்தது இது. புகார் விசாரணைக்குப் போயிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. பெயரைச் சொல்லியும் பெரிய பயன் இல்லை. இதே வேலையைச் செய்யும் கடை அது ஒன்றுதான் என்று நான் நம்பவில்லை.

அக்கா மகனிடம் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள பக்கி கார் இருக்கிறது. இதுவரை நிக்கல் பேட்டரியில் ஓட்டினான். தீபாவளிக்கு லிப்போ வேண்டும் என்று கேட்டான். கெட்டிப் பிளாஸ்டிக் கூடு போட்ட 2எஸ் 5000 எம்ஏஎச் (எம்ஏஎச் என்பது கொள்ளளவு) பேட்டரி 139 வெள்ளி (ரிங்கிட்), ஒவ்வொரு செல்லையும் கவனித்துச் சமமாக ஏற்றும் பேலன்ஸ் சார்ஜர் 110 வெள்ளி, ‘தீப்பிடிக்காத பை’ என்று ஒன்று 18 வெள்ளி. மூன்றையும் வாங்கினேன். பேட்டரிப் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னதற்குக் கடைத் தம்பி, “பிளாஸ்டிக்கைப் பிரிச்சிட்டா விக்க முடியாதுண்ணே, முதலாளி ஏசுவாரு” என்றான். கூடவே ஓர் அறிவுரையும் சொன்னான்: “ராத்திரி படுக்கும்போது போட்டு விடுங்க, காலைல ஃபுல்லா இருக்கும். அந்தச் சின்ன வயர்லாம் தேவையில்ல.” ரசீது கேட்டேன். எழுதிக் கொடுத்தான். அந்த ரசீதுதான் பிறகு கைகொடுத்தது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் டெக்னீஷியன். கையில் மல்டிமீட்டர் இல்லாத நாள் குறைவு. வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக்கைப் பிரித்து, பேட்டரியைச் சார்ஜரில் மாட்டாமல் முதலில் அடுப்படித் தராசில் வைத்தேன். 168 கிராம். அந்த அளவுள்ள கெட்டிக்கூடு பேட்டரி வழக்கமாக 250 கிராமுக்கு மேல் இருக்கும். லித்தியம் பேட்டரியில் எடை பொய் சொல்லாது. உள்ளே சரக்கு இருந்தால் கனம் இருக்கும்.

அடுத்து வோல்டேஜ். 2எஸ் என்றால் இரண்டு செல் வரிசையாக இருக்கிறது என்று பொருள். ஒரு செல்லுக்குப் பெயரளவில் 3.7 வோல்ட், முழுதாக ஏறினால் 4.2, ஓட்டும்போது 3-க்குக் கீழே இறங்கவே கூடாது. கடையில் வைத்திருக்கும் புதுப் பேட்டரி ஒவ்வொரு செல்லிலும் ஏறக்குறைய 3.8 காட்டும், இரண்டு செல்லும் ஒட்டியே இருக்கும். மூன்று சின்னக் கம்பி (தம்பி தேவையில்லை என்றது இவற்றைத்தான்) போகும் வெள்ளைப் பேலன்ஸ் பிளக்கில் மீட்டரின் முனைகளை வைத்துப் பார்த்தேன். முதல் செல் 3.79. இரண்டாவது 1.87.

அந்த இரண்டாவது செல் செத்த செல். 2 வோல்ட்டுக்கும் கீழே போய்க் கிடந்த செல்லில் உள்ளே இருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கிவிடும். திரும்பச் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறோர் இடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். அப்படிப்பட்டதைப் புதுப் பெட்டியில் போட்டு, பிளாஸ்டிக் சுற்றி, 139 வெள்ளிக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அன்று மாலையே திரும்பப் போனேன். முதலாளி கைத்தொலைபேசியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “சார்ஜ் போட்டா சரியாயிடும்” என்றார். தம்பி பேட்டரியை வாங்கிக் கடைச் சார்ஜரில் மாட்டினான். வோல்டேஜ் குறைவு என்று சார்ஜர் ஏற்க மறுத்தது. அது செய்ய வேண்டிய வேலையைச் செய்தது, அவ்வளவுதான். தம்பி என்ன செய்தான் தெரியுமா? லிப்போ முறையிலிருந்து நிக்கல் முறைக்கு மாற்றினான். பேலன்ஸ் கம்பியையும் மாட்டவில்லை. 5 ஆம்பியர் வைத்து, அட்டைப்பெட்டிகள் அடுக்கிய மேசைமேல் வைத்துவிட்டு வேறொரு வாடிக்கையாளரைக் கவனிக்கப் போய்விட்டான்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், செத்த பேட்டரியை ‘எழுப்ப’ இது நல்ல வழி என்று நம்மில் பலரும் நம்புகிறோம். லிப்போ முறையில் சார்ஜர் முதலில் ஒரே அளவு மின்னோட்டம் கொடுக்கும். செல் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் அந்த வோல்டேஜைப் பிடித்து வைத்துக்கொண்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தும். நிக்கல் முறையில் 4.2 என்ற எல்லையே கிடையாது. நிக்கல் பேட்டரி நிறைந்ததும் வோல்டேஜ் லேசாகச் சரியும், அந்தச் சரிவைப் பார்த்துத்தான் சார்ஜர் நிற்கும். லிப்போவில் அந்தச் சரிவு வராது. வராத ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு சார்ஜர் திணித்துக்கொண்டே இருக்கும்.

சில நிமிடத்தில் கூடு சுட்டது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த இடம் வாய் பிளந்து, நகப்பாலிஷ் போன்ற இனிப்பான வாடை வந்தது. சுவர் ஸ்விட்சை அணைத்து, பேட்டரியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பின்பக்க மாடிப்படியின் சிமெண்டுத் தரையில் வைத்தேன். தீப்பிடிக்கவில்லை. முழுக்க ஆறும்வரை அங்கேயே நின்றேன். பிளந்த வாய் வழியாகப் பார்த்தால் உள்ளே இரண்டு மெல்லிய செல், மிச்ச இடத்தில் ஸ்பான்ஜ். மேல் ஸ்டிக்கரின் மூலை தூக்கிக்கொண்டதில் கீழே இன்னொரு பழைய ஸ்டிக்கர். எல்லாவற்றையும் படம் பிடித்தேன்.

முதலாளி இப்போதுதான் தலைநிமிர்ந்தார். “நீங்க வீட்டுல என்ன செஞ்சீங்களோ, பெட்டி திறந்துட்டா வாரண்டி இல்ல.” கல்லாவுக்கு மேலே தொங்கிய ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ அட்டையைக் காட்டினார். அவருடைய ஆள் அவருடைய சார்ஜரில் அவர் கண்ணெதிரே கெடுத்த பொருளுக்கு இதுதான் பதில்.

சார்ஜரைப் பற்றியும் சொல்லவேண்டும். பி6 என்று எல்லாரும் சொல்லும் வகை. அசலைத் தயாரிப்பது ஸ்கைஆர்சி, போலிகளோ ஊரெல்லாம் கிடக்கின்றன. என்னிடம் இருந்த நல்ல பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் உட்கார்ந்து ஏற்றிப் பார்த்தேன். திரையில் 4.20 காட்டும்போது மீட்டரில் 4.27. உடனே கழற்றிவிட்டேன். 0.07 வோல்ட்தானே என்று தோன்றும். ஒவ்வொரு முறையும் அப்படி மிதமிஞ்சி ஏற்றினால் உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாகி, பேட்டரி அப்பளம் போல உப்பும். நல்ல பேட்டரி வாங்கியும் உப்பிப்போகிறதே என்கிறவர்கள் பேட்டரியைத் திட்டுவதற்கு முன்னால் சார்ஜரைச் சோதியுங்கள். அந்தத் ‘தீப்பிடிக்காத’ பையின் ஓரத்தில் லைட்டரைக் காட்டினேன், உருகி ஒழுகியது. கண்ணாடி நாரில் செய்த அசல் பை அப்படி உருகாது. அசல் பையும்கூட நெருப்பைக் கொஞ்ச நேரம் தாமதப்படுத்தத்தான் உதவும்.

பெட்டியில் பெரிதாக ‘50சி’ என்று வேறு போட்டிருந்தது. சி என்பது கொள்ளளவைப் போல எத்தனை மடங்கு மின்னோட்டம் என்பதைச் சொல்லும். 5000 எம்ஏஎச், அதாவது 5 ஆம்பியர்-மணிக்கு, 50சி என்றால் 250 ஆம்பியர். அதிலிருந்து வெளியே வந்த கம்பியோ மெல்லிசு, பிளக் எக்ஸ்டி60. அந்தப் பிளக்கின் பெயரிலேயே 60 ஆம்பியர் என்று இருக்கிறது. எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள்.

‘சின்ன வயர் தேவையில்ல’ என்ற பேச்சுக்கு வருகிறேன். எனக்குக் காசு போனதைவிட அதுதான் கோபம். தடித்த இரண்டு கம்பி மட்டும் மாட்டினால் சார்ஜருக்கு மொத்த வோல்டேஜ்தான் தெரியும். மொத்தம் 8.4 வந்ததும் நிறைந்துவிட்டது என்று நிற்கும். ஒரு செல் 4.0, இன்னொன்று 4.4 என்றாலும் கூட்டினால் 8.4தான். 4.4-இல் இருக்கிற செல் எந்த நேரமும் தீப்பிடிக்கலாம். இந்தப் பேச்சைக் கேட்டு ராத்திரி சார்ஜ் போட்டுத் தூங்குகிற குடும்பம் பதினைந்தாவது மாடி ஃபிளாட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று அந்தக் கடைக்காரர் ஒரு நிமிடம் யோசித்திருப்பாரா?

ஆகவே கடையில் செய்யவேண்டியது: ஒரு மல்டிமீட்டர் அல்லது பேலன்ஸ் பிளக்கில் செருகிப் பார்க்கும் சின்ன செல் செக்கர் கொண்டுபோங்கள், விலை அதிகமில்லை. காசு கொடுக்கும் முன் ஒவ்வொரு செல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். திறக்க மாட்டேன் என்றால் வந்த வழியே திரும்புங்கள். அதே அளவுள்ள தரமான பேட்டரியின் எடையைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் முன்கூட்டியே குறித்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் எப்போதும் லிப்போ பேலன்ஸ் முறைதான். 5000 எம்ஏஎச்சுக்கு 5 ஆம்பியருக்கு மேல் போகாதீர்கள், அதுதான் 1சி. செல் எண்ணிக்கை திரையில் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஓட்டி முடித்ததும் சூடாக இருக்கும் பேட்டரியை உடனே ஏற்ற வேண்டாம். நான் மார்பிள் தரையில் மண் சட்டிக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறேன், பக்கத்தில் திரைச்சீலை, மெத்தை எதுவும் இல்லாமல். ஆள் இல்லாத வீட்டில் ஒருபோதும் இல்லை. சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் 3.8-க்குக் கொண்டுவந்து வையுங்கள். மத்தியான வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டு மீ கோரேங் சாப்பிடப் போகாதீர்கள். நிக்கலிலிருந்து மாறுகிறவர்கள் காரின் மோட்டாரைக் கட்டுப்படுத்தும் ஸ்பீட் கண்ட்ரோலரில், வோல்டேஜ் குறைந்ததும் நிறுத்தும் லிப்போ கட்-ஆஃப் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லாவிட்டால் காரே பேட்டரியைக் கொன்றுவிடும்.

தப்பித்தவறித் தீப்பிடித்தால் மின்சாரத்தை அணைத்துவிட்டுப் பிள்ளைகளோடு வெளியே வந்து 999-க்கு அழையுங்கள். அந்தப் புகை நஞ்சு. உப்பிய பேட்டரியைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், குப்பை லாரி நசுக்கும்போது பற்றிக்கொள்ளும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள்.

காசு விஷயம். 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். கல்லாவுக்கு மேல் தொங்கும் அட்டை அதை ரத்து செய்ய முடியாது. திரிபூனல் துந்துத்தான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். கட்டணம் 5 வெள்ளி, பொதுவாக வழக்கறிஞர் கிடையாது, மூன்று ஆண்டுக்குள் போட்டால் போதும், இணையத்திலும் போடலாம். மலாய்ப் படிவத்தைப் பார்த்துத் தயங்குகிறவர்களுக்கு ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது, போய்க் கேளுங்கள்.

நான் ரசீது, படங்கள், தராசில் எடுத்த எடை, மீட்டர் காட்டிய எண்கள் எல்லாவற்றையும் இணைத்துப் போட்டுவிட்டேன். நோட்டீஸ் போனதும் முதலாளி அழைத்தார். பேட்டரிக் காசை மட்டும் தருகிறேன், புகாரை எடுத்துவிடுங்கள் என்றார். சார்ஜருக்கும் பைக்கும் சேர்த்துத் தந்தால் யோசிக்கிறேன் என்றேன். பிறகு அழைக்கவில்லை. விசாரணைத் தேதிக்காகக் காத்திருக்கிறேன். அதே மாடியில் பேட்டரி வாங்கியவர்கள் யாராவது இருந்தால் இன்றைக்கே செல் செல்லாக அளந்துவிடுங்கள். எண் சரியில்லை என்றால் படத்தோடு கீழே எழுதுங்கள், ரசீதையும் தேடி எடுத்து வையுங்கள்.