ஹாமண்ட்ஸ்போர்ட்டில் ஒரு பகல்: ஒயின் ஆலைகளா, கர்ட்டிஸ் அருங்காட்சியகமா?

நியூயார்க் மாநிலத்தின் ஃபிங்கர் லேக்ஸ் பகுதியில், இரு கிளைகளாகப் பிரியும் கியூகா ஏரியின் தென்முனையில் இருக்கும் ஹாமண்ட்ஸ்போர்ட், ஆயிரம் பேர்கூட வசிக்காத சிற்றூர். நியூயார்க் நகரிலிருந்து காரில் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும் என்பதால், வார இறுதியில் வருபவர்களின் கையில் பெரும்பாலும் ஒரு முழுப் பகல்தான் மிஞ்சுகிறது. அந்தப் பகலை முழுக்க ஒயின் ஆலைகளுக்கே கொடுத்துவிடுவது வழக்கமாக இருக்கிறது. நான் அதில் பாதியையாவது ஊருக்குச் சற்றுத் தெற்கே இருக்கும், விமான முன்னோடி கிளென் கர்ட்டிஸின் அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கச் சொல்வேன். நல்ல ரீஸ்லிங் ஒயின் பக்கத்து ஏரிகளான செனகாவின் கரையிலும் கயூகாவின் கரையிலும் கிடைக்கும். கர்ட்டிஸின் கதை நடந்தது இங்கே மட்டும்தான்.

1878-இல் இவ்வூரில் பிறந்த கர்ட்டிஸ், மிதிவண்டிக் கடையில் தொடங்கி, மோட்டார் சைக்கிளுக்கும் பிறகு விமானத்துக்கும் எஞ்சின் செய்பவராக உயர்ந்தவர். 1907-இல் தாம் வடிவமைத்த எட்டு சிலிண்டர் எஞ்சின் பூட்டிய மோட்டார் சைக்கிளில், ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில் மணிக்கு 136 மைல் வேகத்தைத் தொட்டார். தொலைபேசியால் புகழ்பெற்ற அலெக்சாண்டர் கிரகாம் பெல் அதே ஆண்டில் விமானச் சோதனைக்காக ஒரு குழுவை அமைத்தபோது, எஞ்சின் அறிவுக்காகக் கர்ட்டிஸைத்தான் நாடினார். அக்குழுவின் முதல் விமானம் 1908 மார்ச்சில் உறைந்து கிடந்த இதே கியூகா ஏரியின் பனித்தரையிலிருந்து கிளம்பியது. அவ்வாண்டு ஜூலை 4 அன்று கர்ட்டிஸ் ‘ஜூன் பக்’ விமானத்தை, முன்கூட்டியே அறிவித்து, திரண்டிருந்த மக்களின் கண்ணெதிரே ஒன்றரை கிலோமீட்டர் தூரம் ஓட்டிக் காட்டினார். அமெரிக்கக் கடற்படையின் முதல் விமானமும் 1911-இல் இந்த ஏரியின் நீர்ப்பரப்பிலிருந்தே பறந்தது. இவற்றைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடைத்துவைக்காமல், பழைய விமானங்களைச் செப்பனிடும் பட்டறையையும் பார்வையாளர்கள் காணும்படி வைத்திருப்பதே இந்த அருங்காட்சியகத்தின் பெருஞ்சிறப்பு. அட்லாண்டிக்கைக் கடக்க 1914-இல் இங்கே கட்டப்பட்டு, உலகப் போர் மூண்டதால் அந்தப் பயணத்தையே தொடங்காமல் போன ‘அமெரிக்கா’ என்னும் பறக்கும் படகின் (நீரிலிருந்து மேலெழும் விமானத்தின்) நகலைத் தன்னார்வலர்கள் கட்டி முடித்து, 2008-இல் கியூகாவிலிருந்து பறக்கவும் விட்டார்கள். மரச்சட்டமும் துணியும் கம்பியுமாக இருக்கும் அத்தகைய விமானங்களின் அருகே நிற்கும்போது, அவற்றை நம்பி ஏறியவர்களின் துணிவு நன்றாக விளங்குகிறது. குழந்தைகளுக்கும் மது அருந்தாதவர்களுக்கும் நாள் வீணாகாது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 21 வயது நிரம்பாதவர்களுக்கு ஒயின் பரிமாறச் சட்டம் இடம் தருவதில்லை.

எஞ்சிய பாதி நாளில் எந்த ஆலைக்குப் போவது? டாக்டர் கான்ஸ்டன்டின் ஃபிராங்க் ஆலையையே நான் முதலில் வைப்பேன். இந்தக் குளிரில் அமெரிக்காவின் நாட்டு வகைகளான கான்கார்டும் கட்டாபாவும்தான் தாங்கும், ஐரோப்பியத் திராட்சை பிழைக்காது என்பதே 1950-கள் வரை இங்கிருந்த பொதுக் கருத்து. உக்ரைனில் இதைவிடக் கடுமையான குளிரிலும் அக்கொடிகள் விளைவதைக் கண்டிருந்த ஃபிராங்க், குறை குளிரில் இல்லை, குளிரைத் தாங்கும் வேரில் ஒட்டுக்கட்டாததில்தான் இருக்கிறது என்று வாதிட்டார். கோல்டு சீல் ஆலையை நடத்திய சார்லஸ் ஃபூர்னியே அவரை நம்பி வேலைக்கு எடுத்தார். சோதனை பலித்தது, 1962-இல் ஃபிராங்க் தம் சொந்த ஆலையைத் தொடங்கினார். ஏரிக்கு மேலே மேற்குச் சரிவில் நின்று அங்குள்ள ரீஸ்லிங்கைச் சுவைக்கும்போது, ஆழமான ஏரி குளிர்காலத்தில் வெப்பத்தைச் சிறுகச் சிறுக வெளிவிட்டுக் கொடிகளைக் காக்கும் விதத்தையும் கேட்டறியுங்கள்.

புல்லி ஹில் ஆலையின் ஈர்ப்பு வேறு வகையானது. குடும்ப நிறுவனமான டெய்லர் ஒயின் கம்பெனியின் தயாரிப்பு முறைகளைப் பகிரங்கமாகச் சாடி, அங்கிருந்து வெளியேற்றப்பட்ட வால்டர் டெய்லர் நடத்திய ஆலை இது. 1977-இல் கோகோ கோலா அந்தக் கம்பெனியை வாங்கிய பிறகு, சொந்தக் குடும்பப் பெயரைத் தம் ஒயின் புட்டியில் அச்சிடக்கூடாது என்று நீதிமன்றம் வால்டரைத் தடுத்தது. அவர் லேபிளில் அந்தப் பெயரைக் கறுப்பு மையால் அழித்து விற்றார். அவரே வரைந்த லேபிள்களைப் பார்க்கவும், குன்றின் மேலிருந்து ஏரியைக் காணவும் தாராளமாகப் போகலாம். ஒயினின் நயத்துக்காக மட்டும் போவதென்றால், ஃபிராங்க் ஆலைக்கே என் வாக்கு.

1860-இல் நிறுவப்பட்ட பிளசண்ட் வேலி ஆலையின் கற்கட்டடங்கள் வரலாற்றை விரும்புவோருக்கு உரியவை. பழைய டெய்லர் கம்பெனி வளாகத்தில் இயங்கும் ஃபிங்கர் லேக்ஸ் படகு அருங்காட்சியகம், மர வேலையில் ஈடுபாடு உள்ளவர்களுக்குக் கர்ட்டிஸ் அருங்காட்சியகத்துக்கு நிகரான விருந்தாக அமையும். மற்றவர்களுக்கு ஒரு மணி நேரம் போதும். ஊர் நடுவே இசை மேடையுடன் இருக்கும் சதுக்கத்தையும், கரையோரத்துப் பழைய ரயில் நிலையத்தையும் நடந்தே பார்த்துவிடலாம். கட்டணம் ஏதும் இல்லை.

வரிசையும் முக்கியம். காலையில் அருங்காட்சியகம், பிற்பகலில் ஒரே ஒரு ஆலை என்று வைத்துக்கொள்வது நல்லது. ஏரிச்சாலைகள் வளைந்தும் செங்குத்தாகவும் செல்கின்றன. காரை ஓட்டுபவர் ஒயினைத் தொடாமல் இருக்க முன்பே உடன்பட வேண்டும். அறுவடையையும் இலைகள் நிறம் மாறுவதையும் சேர்த்துக் காண விரும்புபவர்கள் செப்டம்பர் இறுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதிக்குள் வரலாம். ஆலைகளில் கூட்டம் மிகும் காலம் அது என்பதால், வார நாளைத் தேர்ந்தெடுத்து முன்பதிவு செய்துகொள்வது உகந்தது.