பல் கிளினிக்கில் "இன்சூரன்ஸ் வாங்கித் தருகிறோம்" என்று சொன்னால் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்

போன ஆகஸ்டில் அப்பாவுக்குக் கடைவாய்ப் பல் வலி தாங்க முடியாமல் போய், மதுரையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஒரு பல் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். வழக்குப் போட்டிருக்கிறேன் என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அவர்கள் செய்த விதத்தை முழுசாக எழுதுகிறேன், ஏனென்றால் இதே பேச்சை வேறு ஊர்களிலும் கேட்டதாக இரண்டு பேர் என்னிடம் சொல்லிவிட்டார்கள்.

அப்பாவுக்கு 66 வயது, 14 வருடமாகச் சர்க்கரை. எக்ஸ்ரே எடுத்தார்கள். டாக்டர் பேசியது பத்து நிமிடம், அப்புறம் எங்களைத் தனி அறையில் உட்கார வைத்துப் பேசியதெல்லாம் 'கோஆர்டினேட்டர்' என்று சொல்லிக்கொண்ட ஒரு பெண். மூன்று பல்லுக்கு ரூட் கெனால், மேலே கேப், கீழ்வரிசையில் ஆடிக்கொண்டிருந்த இரண்டைப் பிடுங்கிவிட்டு இம்பிளான்ட் (தாடை எலும்பில் திருகி வைக்கும் செயற்கைப் பல்), எலும்பு தேய்ந்திருப்பதால் அதற்கு ஒரு போன் கிராஃப்ட் (எலும்பு ஒட்டுச் சிகிச்சை), எல்லாம் சேர்த்து 1,40,000 ரூபாய். தாளைப் பார்த்ததுமே அப்பா எழுந்துவிட்டார். "வேணாம்மா, ஆடுற ரெண்டையும் பிடுங்கிட்டு வீட்டுக்குப் போவோம்."

அப்போதுதான் அந்தப் பெண் கேட்டார்: "மேடம், அப்பாவுக்கு மெடிக்கல் இன்சூரன்ஸ் இருக்கா?"

இருந்தது. ஏழு வருடமாக ஒரு தடவைகூட விடாமல் கட்டி வருகிற 5 லட்சம் ரூபாய் பாலிசி. சர்க்கரைக்கான காத்திருப்புக் காலமெல்லாம் (முன்பே இருக்கும் நோய்க்குப் பணம் தராத ஆரம்ப காலம்) முடிந்து, இப்போதுதான் அது அப்பாவுக்கு உண்மையிலேயே கைகொடுக்கிற நிலைக்கு வந்திருந்தது. "பல்லுக்கு இன்சூரன்ஸ் வராதுன்னு சொல்வாங்களே?" என்று கேட்டேன், கேட்காமல் இல்லை. "சும்மா செஞ்சா வராது மேடம், அட்மிஷன் போட்டுச் செஞ்சா வரும். எண்பது பர்சென்ட் வாங்கிக் கொடுத்துருவோம், இதுக்குன்னே எங்ககிட்ட ஆள் இருக்காங்க" என்றார். சர்க்கரை இருப்பதால் இம்பிளான்டை அவர்களுக்குத் தெரிந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வைத்துச் செய்வதுதான் பாதுகாப்பு என்றும் சொன்னார். அது எனக்கு நியாயமாகப் பட்டது.

பணம் மட்டும் முதலில் நாங்கள் கட்ட வேண்டும், இன்சூரன்ஸ் பிறகு திரும்ப வரும் என்றார்கள். 40,000 ரூபாய் ஜிபேயில் அனுப்பினேன். மீதி ஒரு லட்சத்துக்கு வட்டியில்லாத் தவணை என்று சொல்லி என் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் வாங்கினார்கள். மாதம் 10,000 வீதம் பத்து மாதம். அது கிளினிக் கொடுக்கிற தவணை இல்லை, ஒரு ஃபைனான்ஸ் கம்பெனி என் பெயரில் போட்ட கடன் என்பது அன்று ராத்திரி மெசேஜ் வந்தபோதுதான் புரிந்தது. ஒரு லட்சமும் அந்த நேரத்துக்குள் கிளினிக் கணக்குக்குப் போய்விட்டது.

அப்புறம் ஒரு கிளெய்ம் ஃபார்ம் நீட்டினார்கள். "கையெழுத்து மட்டும் போடுங்க மேடம், மத்தத எங்க ஆள் ஃபில் பண்ணிக்குவார்." அப்பாவுக்கு வலி, எனக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது. அப்பா பெயரில் பாலிசி, அப்பா கையெழுத்துப் போட்டார், மகளாக நான் பக்கத்திலேயே நின்றேன். இதைத்தான் இன்றைக்கும் நினைத்து நினைத்து வருந்துகிறேன்.

இம்பிளான்ட் போட்ட அன்று காலை ஒன்பது மணிக்கு அந்தச் சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம், சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்துவிட்டோம். சிகிச்சையில் பெரிய குறை சொல்ல மாட்டேன், அப்பா இப்போது சாப்பிடுகிறார்.

நவம்பரில் ஒரு நாள் காலை இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வீட்டுக்கே வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். காபி கொடுத்தோம். "ஐயா, பாத்ரூம்ல எப்ப விழுந்தீங்க?" என்று கேட்டார்.

"நான் எங்கயும் விழலையே தம்பி" என்றார் அப்பா.

அவர் பையிலிருந்து டிஸ்சார்ஜ் சம்மரியின் நகலை எடுத்துக் காட்டினார். வழுக்கி விழுந்து முகத்திலும் தாடையிலும் அடி, பற்கள் உடைந்தன, இரண்டு நாள் உள்நோயாளியாக இருந்தார் என்று அதில் இருந்தது. கிளெய்ம் ஃபார்மில் நோயா, காயமா என்று கேட்கும் இடத்தில் காயம் என்று டிக் அடித்திருந்தது, கீழே அப்பாவின் கையெழுத்து. விபத்து என்றால் ஆஸ்பத்திரியில் ஏ.ஆர். புத்தகத்தில், அதாவது விபத்துப் பதிவேட்டில், பதிந்திருப்பார்களே, அந்த நகல் எங்கே என்று கம்பெனி கேட்டிருக்கிறது, கிளினிக்காரர்களிடம் இல்லை. அதனால்தான் நேரில் வந்திருக்கிறார். நாற்பது வருடம் ஹார்டுவேர் கடை நடத்தி, யாருக்கும் ஒரு ஆணி எடை குறைத்துக் கொடுக்காத மனுஷன் அப்பா. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, "நான் விழுந்தேன்னா எழுதியிருக்காங்க?" என்று இரண்டு தடவை கேட்டார்.

அவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள் என்பது பாலிசிப் புத்தகத்தை முதல் தடவையாக முழுசாகப் படித்தபோதுதான் தெரிந்தது. சாதாரண மெடிக்கல் பாலிசி என்பது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் 24 மணி நேரத்துக்குக் குறையாமல் படுத்துப் பார்க்கும் வைத்தியத்துக்கானது. நவீன முறையில் ஒரே நாளில் முடிந்துவிடும் அறுவைச் சிகிச்சைகளை டே கேர் என்று சேர்த்திருக்கிறார்கள், ஆனால் வழக்கமாக வெளிநோயாளியாகவே பார்த்துக்கொள்ளும் சிகிச்சை அதில் வராது என்று விளக்கத்திலேயே இருக்கிறது. ரூட் கெனால், கேப், சுத்தம் செய்வது எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து முடித்துக்கொண்டு போகிற வேலை. ஆஸ்பத்திரி என்று கணக்கில் எடுக்கவே, பத்து லட்சத்துக்கும் குறைவாக மக்கள்தொகை உள்ள ஊரில் 10 படுக்கை, மற்ற இடங்களில் 15 படுக்கை இருக்க வேண்டும், 24 மணி நேரமும் நர்ஸ் இருக்க வேண்டும். பல் கிளினிக் அதில் எங்கே வரும்? எங்கள் பாலிசியில் இன்னும் தெளிவாகவே போட்டிருந்தது: பல் சிகிச்சை கிடையாது, விபத்தில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் சேர்ந்து செய்தால் தவிர. அந்த 'தவிர' என்ற ஓட்டை வழியாகத்தான் எங்கள் அப்பாவை பாத்ரூமில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

உண்மையான விபத்துக்குப் பணம் வருகிறது, அதையும் சொல்ல வேண்டும். என் அத்தை மகன் வண்டியில் விழுந்து தாடை எலும்பு முறிந்தபோது நான்கு நாள் அட்மிஷன், பிளேட் வைத்தது, உடைந்த பல்லுக்கு அங்கேயே பார்த்தது எல்லாமே கிளெய்மில் கிடைத்தது. 2020-ல் வந்த ஆரோக்கிய சஞ்சீவனி பாலிசியில் நோயால் வரும் பல் சிகிச்சையும் உண்டு, ஆனால் அதுவும் உள்நோயாளியாக இருந்தால்தான். சில பாலிசிகளில் ஓபிடி கவர் (வெளிநோயாளிச் செலவுக்கானது) என்று தனியாகச் சேர்த்து அதில் பல்லுக்கு ஒரு தொகை வைத்திருக்கிறார்கள், சில கம்பெனிகள் ஊழியர்களுக்கு எடுக்கும் குரூப் பாலிசியிலும் இருக்கும். ஆக, வருமா வராதா என்பது உங்கள் பாலிசியில் எழுதியிருப்பதைப் பொறுத்தது. அதைக் கிளினிக்கில் இருப்பவர் சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மெயில் போட்டு, இந்தச் சிகிச்சை, இந்த இடத்தில், இவ்வளவு செலவு, இது வருமா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். போனில் கேட்டதை நம்ப வேண்டாம்.

எனக்கு 1,40,000 போனதைவிடப் பெரிய பயம் வேறு. பொய்யான கிளெய்ம் கொடுத்தால் பாலிசியின் பலன்கள் அத்தனையும், கட்டிய பிரீமியமும் சேர்த்துப் பறிபோகும் என்று பாலிசியிலேயே ஒரு ஷரத்து இருக்கிறது. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிவிட்டால் பழைய நோயை மறைத்தாய் என்று கம்பெனி கிளெய்மை மறுக்க முடியாது, ஆனால் மோசடி என்று நிரூபித்துவிட்டால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. 66 வயதில் சர்க்கரையோடு இருக்கிற ஒருவருக்குப் புதுப் பாலிசி எடுத்தால் காத்திருப்புக் காலம் முதலிலிருந்து தொடங்கும். நாளைக்கே இதயத்துக்கு ஏதாவது என்றால் என்ன செய்வது?

அன்றைக்கே அப்பா கைப்பட எழுதிக் கொடுத்தார்: வெற்று ஃபார்மில் கையெழுத்து வாங்கினார்கள், நான் விழவில்லை, இந்தக் கிளெய்ம் எனக்கு வேண்டாம். கூடவே கிளினிக் கொடுத்த எஸ்டிமேட், அந்தப் பெண் வாட்ஸாப்பில் "அட்மிஷன் காட்டிடலாம் மேடம்" என்று அனுப்பியது, அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த ஆட்டோவுக்கு ஜிபேயில் கொடுத்த ரசீது, எல்லாவற்றையும் இணைத்தேன். பாலிசியை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று ஒரு நோட்டீஸ் வந்தது. மூன்று மாதம் தூக்கமில்லை. கடைசியில் கிளெய்மை மட்டும் நிராகரித்து, பாலிசியைத் தொடரவிட்டார்கள். அந்த வாட்ஸாப் மெசேஜை நான் அழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே முடியவில்லை.

கிளினிக்கில் போய்க் கேட்டபோது, "உங்க அப்பாதானே மேடம் கையெழுத்துப் போட்டார்" என்றார்கள். கடனுக்குத் தவணை கட்டாவிட்டால் என் சிபில் (கடன் மதிப்பெண்) கெடும் என்றும் அவர்களே சொன்னார்கள். ஒரு விஷயம் எனக்கு அப்போது தெரியவில்லை: இந்த மாதிரி செயலி வழிக் கடன்களில் ஆரம்பத்தில் குறைந்தது ஒரு நாளாவது விலகிக்கொள்ளும் அவகாசம் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது. அசலையும் அதுவரைக்குமான வட்டியையும் கட்டிவிட்டு அபராதம் இல்லாமல் வெளியே வரலாம். மெசேஜ் வந்த ராத்திரியே கேட்டிருக்க வேண்டும்.

சரியான கிளெய்மை மறுத்திருந்தால் முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவு, முப்பது நாளில் பதில் இல்லை என்றாலோ பதில் திருப்தி இல்லை என்றாலோ இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் (இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்க்கும் அதிகாரி), அதற்குக் கட்டணம் கிடையாது, நமக்குச் சென்னை அலுவலகம். எங்கள் விஷயத்தில் கம்பெனி மறுத்தது சரிதான், தப்பு கிளினிக் மேல். அதனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போட்டு வழி கேட்டுக்கொண்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் என்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை. பல் மருத்துவ கவுன்சிலுக்கும் தனியாகப் புகார் அனுப்பியிருக்கிறேன்.

காசு இல்லாத நேரத்தில் பல்லுக்கு எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: சென்னையில் கோட்டை ரயில் நிலையம் பக்கத்தில் அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மற்ற ஊர்களில் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் பல் பிரிவு இருக்கிறது. தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் வெளியே ஆகிற செலவைவிடக் குறைவாகத்தான் ஆகும். காத்திருக்க வேண்டும், நாலைந்து தடவை போக வேண்டும். ஆனால் யாரும் உங்கள் அப்பாவைக் கீழே விழுந்ததாக எழுத மாட்டார்கள்.

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஏற்கெனவே வெற்றுக் கிளெய்ம் ஃபார்மில் கையெழுத்துப் போட்டு எந்தக் கிளினிக்கிலாவது கொடுத்திருந்தால், இன்றைக்கே போய் அதைத் திருப்பிக் கேளுங்கள். அனுப்பிவிட்டோம் என்றால் என்ன எழுதி அனுப்பினார்கள் என்று நகல் கேளுங்கள், அதில் பொய் இருந்தால் விசாரணைக்கு ஆள் வரும்வரை காத்திருக்காமல் நீங்களே முதலில் கம்பெனிக்கு எழுதிவிடுங்கள். எனக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறது, அடுத்த மாதம் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பாவும் வருகிறார். நான் விழவில்லை என்பதைத் தன் வாயால் அங்கே சொல்ல வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்.