தண்ணீர் சார்ந்த மோல்டு ரிலீஸ்: ரப்பர் பட்டறையில் ஓட்டிப் பார்த்த அனுபவம்

மோல்டு ரிலீஸ் என்பது ரப்பர் அச்சில் ஒட்டாமல் கழல, மோல்டில் (அச்சில்) அடிக்கும் பூச்சு. ரப்பர் புஷ் (இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் பாகம்), கேஸ்கட் தயாரிக்கும் எங்கள் கம்பிரஷன் பிரஸ்களில் (சூட்டில் அழுத்தி வார்க்கும் இயந்திரங்கள்), பி.டி.எஃப்.இ. (நான்ஸ்டிக் சட்டியில் இருக்கும் டெஃப்லான்) துகள் கலந்த தண்ணீர் ரிலீஸைச் சில வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறோம். முன்பு அடித்த சால்வென்ட் (சீக்கிரம் ஆவியாகும் கரைப்பான்) சரக்குக்குத் திரும்பும் எண்ணம் இல்லை. தலைவலி தரும் நெடி போயிற்று, சூடான பிரஸ் பக்கத்தில் தீப்பிடிக்கும் டப்பாவை வைத்திருக்கும் பயமும் போயிற்று. ஆனால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை ஊற்றினால் போதும் என்று விற்க வருபவர் சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம்.

முதல் சிக்கல் கைப்பழக்கம். சால்வென்ட் நொடியில் பறந்துவிடும்; தண்ணீர் அப்படியல்ல. ஆவியாகும்போது மோல்டின் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். எங்கள் மோல்டு 165 டிகிரி செல்சியஸில் ஓடுகிறது. துளி பெரிதாக விழுந்தால் தோசைக்கல்லில் தெளித்த தண்ணீர் போலச் சீறிக் கொதித்து, விழுந்த இடத்தில் வெள்ளைத் திட்டாகக் காயும். அந்தத் திட்டு அப்படியே கேஸ்கட்டில் பதியும். "நனைந்தால்தானே அண்ணே கழலும்?" என்று கேட்ட ஆபரேட்டருக்கு விளக்கிப் பயன் இல்லை. ஸ்பிரே கன்னின் நாசிலை நுண்ணியதாக மாற்றி, காற்றழுத்தத்தைச் சரிசெய்து, பனிபோல் ஒரு முறை ஓட்டிக் காட்டிய பிறகுதான் ஒத்துக்கொண்டார். அளவு மீறினால் இன்னொரு தொல்லையும் உண்டு: ரப்பர் ஓட்டம் இரண்டு பக்கமிருந்து வந்து சேரும் கோட்டில் ரிலீஸ் மாட்டிக்கொண்டு, அங்கே ரப்பர் ஒட்டாமல் பிளவாக நிற்கும்.

மோல்டில் பழைய சிலிகோன் ரிலீஸின் படிவு இருந்தால் புதிய பூச்சு இரும்பைப் பிடிக்காது. சுத்தமாக எடுத்துவிட்டு, மெல்லிய பூச்சு இரண்டு மூன்று கொடுத்து, ஒவ்வொன்றையும் சூட்டில் காயவிட வேண்டும். பிறகு ரப்பர் ஒட்ட ஆரம்பிக்கும்போது மட்டும் லேசாக மறுபடி அடித்தால் போதும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் (ஒரு முறை அழுத்தி எடுப்பதற்கும்) அடிப்பது வீண்செலவு.

ரிலீஸைப் போர்வெல் தண்ணீரில் கலக்காதீர்கள். உப்பு அதிகமான தண்ணீரில் ரிலீஸ் கலவை திரிந்து, நாசில் அடைத்துக்கொள்ளும். டி.எம். வாட்டர் (உப்பு நீக்கிய தண்ணீர்)தான் சரி. கலந்ததை நாள்கணக்கில் வைத்தால் நாறும். துகள் அடியில் தங்கும். ஷிப்ட்டுக்குத் தேவையானதை மட்டும் கலந்து, ஊற்றும் முன் கிளறுங்கள்.

புஷ் வேலை செய்பவர்கள் அதிகம் கவனிக்க வேண்டியது வேறு. அதில் ரப்பர் இரும்புக் குழாயோடு ஒட்டியே ஆக வேண்டும். ஒட்டுப்பூச்சு அடித்த குழாய்கள் அடுக்கிய தட்டு பிரஸ் அருகில் திறந்து கிடந்தால், காற்றில் மிதக்கும் ரிலீஸ் அதன்மேல் படியும். வெளியே பார்க்கத் தெரியாது. இழுத்துச் சோதிக்கும்போதுதான் ரப்பர் இரும்பிலிருந்து முழுசாக உரிந்து வரும். இப்போது எங்கள் குழாய்த் தட்டுகள் மூடியோடு தனி மேசையில் இருக்கின்றன. மோல்டில் அடித்து முடித்த பிறகே மூடி திறக்கும். அடிக்கும் கையுறையோடு குழாயைத் தொடக் கூடாது.

கைகழுவாமல் பீடி பிடிப்பதும் ஆகாது. விரலில் ஒட்டிய பி.டி.எஃப்.இ. துகள் பீடித் தணலில் சிதைந்தால் வரும் புகை, சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் கொடுக்கும். மறுநாள் தெளிந்துவிடுவதால் பலர் ஃப்ளூ என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

குளிர்ந்த மோல்டுக்கு இது தோதல்ல. தண்ணீர் காய நேரமாகும்; மழைக்காலத்தில் இரும்பு மோல்டில் மேல்துரு ஏறும். ஷிப்ட் முடிந்து ஆறிய மோல்டுக்குத் துருத்தடுப்பு எண்ணெய்தான்.

ஐரோப்பாவில் 2023இல் முன்வைக்கப்பட்ட பி.எஃப்.ஏ.எஸ். (எளிதில் சிதையாத ஃப்ளோரின் ரசாயனங்கள்) தடைத் திட்டத்தில் பி.டி.எஃப்.இ.யும் வருவதால், ஏற்றுமதி வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்கத் தொடங்கிவிட்டார்கள். ஃப்ளோரின் இல்லாத தண்ணீர் ரிலீஸ் ஒன்றை ஒரு கேஸ்கட் மோல்டில் ஓட்டுகிறோம். நன்றாகவே கழல்கிறது, ஆனால் அடிக்கடி மறுபடி அடிக்க வேண்டியிருக்கிறது. புஷ் மோல்டுக்கு அதை இன்னும் கொண்டுபோகவில்லை.