பைன்சில் வி2: அயர்ன் நல்ல அயர்ன், சார்ஜர்தான் சிக்கல்

மதுரையில் இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் பார்க்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. கரண்ட் போனால்தான் இன்வெர்ட்டர் கெட்டுப்போனது வீட்டுக்காரருக்குத் தெரியும், அப்போதுதான் நம்மைக் கூப்பிடுவார். போய் நின்றால் சால்டரிங் அயர்னை (ஈயத்தை உருக்கிப் பற்றவைக்கும் கருவி) செருகுவதற்கு அந்த வீட்டில் கரண்ட் இருக்காது. பவர் பேங்கில் ஓடும் டைப்-சி அயர்ன் ஒன்றைத் தேடியது அதனால்தான். பைன்64 நிறுவனத்தின் பைன்சில் வி2 வந்து சேர்ந்தது. அவர்கள் கடையில் விலை சுமார் 26 டாலர், நம் ஊருக்கு வரும்போது தபால் செலவும் சுங்கமும் தனி. பெட்டிக்குள் அயர்னும், டிப் என்கிற சூடாகும் முனை ஒன்றும்தான் இருக்கும். சார்ஜர் கிடையாது, கேபிளும் கிடையாது. இந்த விமர்சனமே அந்த இரண்டைப் பற்றித்தான் என்றும் சொல்லலாம்.

அயர்னைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு அதிகம் இல்லை. பேனா பிடிப்பது போலப் பிடிக்கலாம், டிப்புக்கும் விரலுக்கும் தூரம் குறைவு, கை நடுங்காது. சரியான சார்ஜர் கிடைத்தால் பத்துப் பன்னிரண்டு விநாடியில் ஈயம் உருகத் தயார். ஆனால் என் கையில் பார்த்துவிட்டு வாங்கிய தொழில்காரர்கள் போன் போட்டால் வருவது இந்த மாதிரிப் புகார்தான்: "அண்ணே, 350 டிகிரி வச்சிருக்கேன், ஏறவே மாட்டேங்குது", "ஆன் ஆகுது, டக்குனு ஆஃப் ஆகுது". நான் திருப்பிக் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: திரையில் எத்தனை வோல்ட் காட்டுகிறது?

அயர்னின் அமைப்பில் (செட்டிங்ஸ்) விவரத் திரையை இயக்கி வைத்தால் உள்ளே வரும் வோல்ட் எப்போதும் கண்ணுக்குத் தெரியும். இன்னும் உள்ளே போக வேண்டுமானால், முகப்புத் திரையில் இருந்தபடி கழித்தல் பட்டனை அழுத்திப் பிடித்தால் சோதனைப் பட்டியல் வரும். வோல்ட், டிப்பின் ஓம், கரண்ட் எந்த வழியில் வருகிறது (பிடி, க்யூசி என்ற வேக சார்ஜிங் முறைகளா, டிசி ஜாக்கா) எல்லாம் அதில் இருக்கும். இதற்கு மல்டிமீட்டரே தேவையில்லை.

அந்த எண் ஏன் முக்கியம் என்றால், டிப்புக்குள் இருப்பது வெறும் சூட்டுச் சுருள்தான். வோல்டை ஏற்றிக் கொடுக்கும் சர்க்யூட் எதுவும் அயர்னுக்குள் இல்லை. வெளியிலிருந்து எது வருகிறதோ அதுவே டிப்புக்குப் போகும். இதோடு வரும் குட்டை டிப் 6.2 ஓம். டிஎஸ்100 அயர்னுக்கு விற்கும் நீள டிப்பும் இதில் பொருந்தும், அது 8 ஓம். குட்டை டிப்புக்கு 5 வோல்ட் கொடுத்தால் 4 வாட், 9 வோல்டில் 13, 12 வோல்டில் 23, 15 வோல்டில் 36, 20 வோல்டில் 64. வோல்ட் இரண்டு மடங்கு சொச்சம் ஏறினால் வாட் ஐந்து மடங்கு ஏறிவிடுகிறது.

இப்போது போனுக்கு வாங்கிய 25 வாட் சார்ஜரை எடுத்துக்கொள்ளுங்கள். உடம்பில் பொடி எழுத்தில் 9 வோல்ட், 2.77 ஆம்பியர் என்று இருக்கும். 25 வாட் வரும் என்று நினைப்போம். 6.2 ஓம் டிப் 9 வோல்டில் இழுப்பது ஒன்றரை ஆம்பியருக்கும் கீழே, அதாவது 13 வாட். மீதி சார்ஜருக்குள்ளேயே கிடக்கும். சின்ன ரெசிஸ்டர் ஒட்டுவதற்கு 13 வாட் போதும். மாஸ்ஃபெட் (கரண்டைத் திறந்து மூடும் பாகம்) கால் பெரிய செம்புத் தளத்தில் இறங்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். 350 காட்டிக்கொண்டிருந்த திரை 240க்கு இறங்கும், வாட் எண் 13ஐத் தாண்டாது, ஈயம் கஞ்சி மாதிரி கெட்டியாக நிற்கும். எடுத்தால் டிரை ஜாயின்ட் (ஈயம் சரியாகப் பிடிக்காத ஒட்டு), ஒரு மாதத்தில் அதே வீட்டிலிருந்து மறுபடி அழைப்பு. டிப்பில் ஆக்சைடு படிந்திருக்கிறதோ என்று தேய்த்துத் தேய்த்து டிப்பின் பூச்சையே உரித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்க்க வேண்டியிருந்தது சார்ஜரின் பொடி எழுத்தை.

அடுத்தது கேபிள். கடைக்காரரிடம் நல்ல கேபிள் கேட்டால் "அண்ணே, 120 வாட் கேபிள்ணே, மேலேயே எழுதியிருக்கு பாருங்க" என்று ஒன்றைத் தருவார். அவர் பொய் சொல்லவில்லை, ஆனால் அந்த 120 நமக்கு உதவாது. ஒரு பக்கம் பழைய அகல பின், மறுபக்கம் டைப்-சி. அந்தந்த போன் கம்பெனி தனக்கென்று வைத்திருக்கும் வேக சார்ஜிங்குக்கான கேபிள் அது. பிடி என்கிற பேச்சுவார்த்தை நடப்பது கேபிளுக்குள் ஓடும் சிசி என்ற தனி கம்பி வழியாக. இரண்டு பக்கமும் டைப்-சி இருந்தால்தான் அது நடக்கும். அகல பின் கேபிளில் க்யூசி கிடைத்தால் 9 அல்லது 12 வோல்ட் வரும், கிடைக்காவிட்டால் 5 வோல்டோடு நிற்கும். 80 வாட் போன் சார்ஜரில் மாட்டி 4 வாட் வாங்குகிறவர்களின் கதை இதுதான்.

இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளிலும் வித்தியாசம் உண்டு. சாதாரணமானது 3 ஆம்பியர் வரைதான், 20 வோல்டில் 60 வாட். அதற்கு மேல் வேண்டுமானால் 5 ஆம்பியர் தாங்குவேன் என்று சார்ஜரிடம் சொல்லும் சிப் கேபிளுக்குள் இருக்க வேண்டும். நீள டிப்புக்கு 60 வாட் கேபிளே போதும்; குட்டை டிப் 20 வோல்டில் 3 ஆம்பியரைக் கொஞ்சம் தாண்டுவதால் அதற்கு 5 ஆம்பியர் கேபிள் நல்லது. நான் கவனிப்பது வேறு விஷயம்: சிலிகான் உறையா என்று. பிவிசி உறை விறைப்பாக இருந்து அயர்னை இழுத்துக்கொண்டே இருக்கும், டிப் ஒரு தடவை பட்டால் ஓட்டை.

இனி, என்னிடம் அதிகம் பேர் சண்டைக்கு வரும் விஷயம். "என் சார்ஜர் 45 வாட், 20 வோல்ட்னு போட்டிருக்கு, ஆனா அயர்ன் 15 வோல்ட்தான் காட்டுது. சார்ஜர் டூப்ளிகேட்டா?" இல்லை. 45 வாட் சார்ஜர் 20 வோல்டில் தருவது 2.25 ஆம்பியர். நீள டிப் 20 வோல்டில் இழுப்பது 2.5 ஆம்பியர், குட்டை டிப் 3.2. அயர்னுக்குள் ஓடும் அயர்ன்ஓஎஸ் என்ற மென்பொருள் டிப்பின் ஓமைப் பார்த்துக் கணக்குப் போட்டு, இந்த வோல்டைக் கேட்டால் சார்ஜர் சரிந்துவிடும் என்று தெரிந்து, ஒரு படி இறங்கி 15 வோல்டைக் கேட்கிறது. எனக்கு இந்த அயர்னில் மிகவும் பிடித்த புத்திசாலித்தனம் இது. 45 வாட் சார்ஜர் வைத்திருப்பவர்கள் குட்டை டிப்பையே போடட்டும். அதே 15 வோல்டில் குட்டை டிப் 36 வாட் எடுக்கும், நீளம் 28தான். புதிதாக வாங்குகிறவர்கள் 65 வாட் லேப்டாப் சார்ஜர் வாங்கிவிடுங்கள், 20 வோல்ட் முழுசாக வரும். அதற்கு மேல் காசு கொட்டத் தேவையில்லை. பிடி 3.1ல் 28 வோல்ட் வாங்கவும் வி2வால் முடியும். ஆனால் 140 வாட் சார்ஜரும் அதற்கேற்ற கேபிளும் வாங்குகிற காசுக்கு இன்னொரு அயர்னே வாங்கலாம்.

நடுவில் அணைந்து அணைந்து வருவது வேறு ரகம். இரண்டு மூன்று போர்ட் உள்ள சார்ஜரில் அயர்ன் ஓடிக்கொண்டிருக்கும்போது வீட்டில் யாராவது ஒரு போனைச் செருகினால், சார்ஜர் எல்லா போர்ட்டையும் ஒரு கணம் நிறுத்திவிட்டு வாட்டைப் புதிதாகப் பங்கு போடும். அயர்ன் அணைந்து மறுபடி ஆரம்பிக்கும், இந்தத் தடவை குறைந்த வோல்டில். போனை எடுத்தால் மறுபடி ஒரு வெட்டு. ஐசி காலில் டிப் வைத்திருக்கும்போது இது நடந்தால் வாயில் நல்ல வார்த்தை வராது. வேலை முடியும்வரை மற்ற போர்ட்டுகளில் யாரும் கை வைக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பவர் பேங்கில் நடப்பது இதற்கு நேர்மாறு. அயர்னை ஸ்டாண்டில் வைத்ததும் அது தூங்கப் போகிறது, கரண்ட் இழுப்பது குறைகிறது. யாரும் இல்லை என்று நினைத்து பவர் பேங்க் கடையைச் சாத்திவிடுகிறது. அமைப்பில் பவர் பல்ஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை இயக்கினால் இடையிடையே கொஞ்சம் கரண்ட் இழுத்து பவர் பேங்கை எழுப்பி வைத்திருக்கும்.

திரையே வரவில்லை, செத்துப்போச்சு என்று ஒருவர் கொண்டுவந்தார். கேபிளைச் செருகும்போது கழித்தல் பட்டனைச் சேர்த்துப் பிடித்திருக்கிறார். அப்படிச் செய்தால் மென்பொருள் ஏற்றும் நிலைக்குப் போய்விடும், திரை கறுப்பாகவே இருக்கும். கழற்றி, பட்டனில் விரல் படாமல் செருகியதும் வந்துவிட்டது. கைப்பிடி சின்னது, பட்டன் இருக்கும் இடத்தில்தான் விரலும் போகும்.

டைப்-சி முனையை ஒரு பக்கமாகச் செருகினால் 20 வோல்டும், திருப்பிச் செருகினால் 5 வோல்டும் வந்தால் போர்ட்டைச் சந்தேகப்படுங்கள். எந்தப் பக்கம் செருகுகிறோமோ அதற்கேற்ப இரண்டு சிசி பின்னில் ஒன்றுதான் பேசும். சர்வீஸ் பையில் கிடக்கும் அயர்னுக்கு நூல், தூசி, பிளக்ஸ் பிசின் எல்லாம் போர்ட்டில் ஏறும். கேபிளைக் கழற்றிவிட்டு, மரப் பல்குச்சியால் சுரண்டி, கொஞ்சம் ஐபிஏ (சுத்தம் செய்யும் ஆல்கஹால்) விட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு போடுங்கள். டிப் இல்லை என்று திரை சொன்னாலோ ஓம் எண் தாறுமாறாகத் தாவினாலோ முன்பக்கம் டிப்பைப் பிடிக்கும் திருகை இறுக்கிப் பாருங்கள்.

டைப்-சியே வேண்டாம் என்பவர்களுக்குப் பின்னால் உருண்டை டிசி ஜாக்கும் இருக்கிறது, 5.5க்கு 2.5 மில்லிமீட்டர், 24 வோல்ட் வரை. பழைய லேப்டாப்பின் 19 வோல்ட் அடாப்டர் பலவற்றில் இதே பின்தான், அதில் 58 வாட் வரும். எங்களைப் போன்ற பேட்டரிக்காரர்களுக்கு இது வரம். ஆனால் ஒரு எச்சரிக்கை: இரண்டு பேட்டரி தொடராகப் போட்ட 24 வோல்ட் இன்வெர்ட்டரில், சார்ஜ் ஏறும் நேரத்தில் முனையில் 27, 28 வோல்ட் நிற்கும். டிசி ஜாக்கின் வரம்பைத் தாண்டியது அது. ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் எடுங்கள், நடுவில் ஃபியூஸ் போடுங்கள். டிசியும் டைப்-சியும் ஒரே நேரத்தில் செருகவே கூடாது.

இரண்டு பின் சார்ஜர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எர்த் இல்லாத சார்ஜரில் உள்ளே இருக்கும் ஒரு கெப்பாசிட்டர் வழியாக மெயின்ஸ் லேசாகக் கசியும். டிப்பைப் புறங்கையால் தொட்டால் சுருக்கென்று இருக்கும் (சூடு ஆறிய பிறகு!). ஆளுக்கு ஆபத்தில்லை, மாஸ்ஃபெட் கேட்டுக்கு ஆபத்து. கன்ட்ரோல் போர்டில் கை வைக்கும்போது எர்த் சேர்ந்த மூன்று பின் லேப்டாப் சார்ஜர் அல்லது பவர் பேங்க்தான் நான் எடுப்பது.

போர்டு வேலைக்கு, வயர் வேலைக்கு இந்த அயர்னைத் தயங்காமல் வாங்கலாம். பேட்டரி லக் (பேட்டரியில் மாட்டும் தடித்த கேபிள் முனை), 16 ஸ்கொயர் கேபிள் என்றால் 20 வோல்டிலும் திணறும். அதற்கு என் பையில் பழைய 125 வாட் மெயின்ஸ் அயர்ன் இன்னும் இருக்கிறது, கரண்ட் வரும்வரை வீட்டுக்காரர் கொடுக்கும் காபியைக் குடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.