ஹஸ்கி 5885: வென்ட் குழாய் உச்சியில் உட்காரும் வால்வு

பெட்ரோல் பங்க் நிலத்தடி டாங்கின் வென்ட் குழாய் (டாங்க் மூச்சு விடும் குழாய்) உச்சியில் திருகிப் பொருத்தும், ஹஸ்கி நிறுவனத்தின் 2 அங்குல வால்வு இது. டாங்குக்குள் ஆவி அழுத்தம் ஏறினால் வெளியே விடும். எரிபொருள் குறைந்து வெற்றிடம் உண்டானால் காற்றை உள்ளே இழுக்கும். மற்ற நேரமெல்லாம் இறுக மூடியிருக்கும்.

அமெரிக்க விதிப்படி திறக்கும் அழுத்தம் 2.5 முதல் 6 அங்குல நீர் (அத்தனை உயர நீர்த்தம்பம் தரும் அழுத்தம்), வெற்றிடப் பக்கம் 6 முதல் 10. 2 அங்குல நீர் அழுத்தத்தில் ஒரு பங்கிலுள்ள எல்லா வால்வுகளும் சேர்ந்தே மணிக்கு 0.17 கன அடிக்கு மேல் கசியக் கூடாது. கண்டிப்பான வரம்புதான். சீட்டில் (வால்வு மூடி பதியும் இடம்) ஒட்டிய மணல் துணுக்கு ஒன்றே போதும், சோதனையில் தோற்க.

மாட்டும்போது மரையில் பெட்ரோல் தாங்கும், இறுகிப்போகாத சீலன்ட் தடவுங்கள். முதல் இரண்டு மரையை விட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் பசை உள்ளே வழியும். ஸ்பேனர் அடியிலுள்ள அறுகோணத்தில் மட்டும். மேல் உடம்பைப் பிடித்து முறுக்கினால் சீட் கோணும். வால்வின் வலையில் பூச்சிக் கூடு அடைத்தால் டாங்க் மூச்சுத் திணறும்.

லாரி இறக்கும்போது வால்வு சீறினால் வால்வைக் குறை சொல்லாதீர்கள். முதலில் டாங்கின் ஆவி லாரிக்கே திரும்பும் ஹோஸ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.